நெட் இல்லாத இடத்தில் போனில் டாக்குமென்டேஷன் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, நடுவில் பாம்பன் தீவையும் சேர்த்து, கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். பிசிஏ படிப்பவர்கள், பாலிடெக்னிக் முடித்துவிட்டு அப்பாவோடு படகில் போய்க்கொண்டே வேலை தேடுபவர்கள், கீழக்கரையில் கடையைப் பார்த்துக்கொண்டே வெப்சைட் செய்யக் கற்பவர்கள் என்று பல பேர். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துப்போய் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டுவிட்டேன் ('காக்கா' என்றால் கீழக்கரைப் பக்கம் அண்ணன்). பதில்கள் ஆண்ட்ராய்டு போனை வைத்துச் சொன்னவை. ஐபோனில் வேறு மாதிரி என்றால் அந்த இடத்தில் சொல்கிறேன்.

அண்ணே, டாக்குமென்டேஷன்னா என்ன? யூடியூப்ல பாத்தாப் போதாதா?

ஒரு மென்பொருளைச் செய்தவர்களே அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதித் தரும் கையேடுதான் டாக்குமென்டேஷன். பைதான், பிஎச்பி போன்ற நிரல் மொழிகளுக்கு ஒவ்வொன்று, போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். அதற்குள் புதியவர்களுக்கான பாடம் ஒரு பகுதி, ஒவ்வொரு ஃபங்ஷனும் (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் துண்டு) என்ன வாங்கும், என்ன திருப்பித் தரும் என்ற விவரம் இன்னொரு பகுதி. இரண்டாவது பகுதியை யாரும் முதலிலிருந்து கடைசிவரை படிப்பதில்லை. தேவைப்படும்போது தேடி எடுப்பதுதான்.

வீடியோ ஆரம்பத்துக்கு நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இறக்கி வைத்த வீடியோவுக்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது. அளவையும் பாருங்கள். பைதானின் மொத்த டாக்குமென்டேஷனும் சுருக்கிய கோப்பாகச் சில பத்து எம்பிக்குள் அடங்கிவிடும். ஒரு மணி நேர வீடியோவைச் சுமாரான தரத்தில் இறக்கினாலே அதைவிடப் பல மடங்கு ஆகும்.

இப்பத்தான் எல்லா இடத்துலயும் நெட் இருக்கே, எதுக்கு டவுன்லோட் பண்ணி வெக்கணும்?

ராமநாதபுரம் டவுனில் உட்கார்ந்திருந்தால் இந்தப் பக்கமே உங்களுக்குத் தேவையில்லை. தனுஷ்கோடி ரோட்டில் முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனைப் பக்கம் போய்ப் பாருங்கள். சிக்னல் வரும், போகும். சில நேரம் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு ரோமிங் என்று காட்டும். கடலுக்குள் போனால் கரை மறைவதற்குள்ளேயே கோடுகள் குறைய ஆரம்பிக்கும். ராமேஸ்வரத்துக்குள்ளேயே இருந்தாலும் ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்றைக்கு வரும் கூட்டத்தில் கோடு முழுசாக இருக்கும், பக்கம் மட்டும் திறக்காது.

இதெல்லாம் போக ஐப்பசி, கார்த்திகை இருக்கிறது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய சேதி வந்தால் அடுத்து கரண்ட் போகும் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. டவருக்கு பேட்டரி உண்டு, அது தீரும்வரை நெட் இருக்கும். அந்த நேரத்தில் உட்கார்ந்து படிக்காதீர்கள். சிக்னல் இருக்கும்போது இறக்குங்கள், இல்லாதபோது படியுங்கள். இங்கே எங்களுக்குச் சரிப்படுவது இதுதான்.

ஒரு பக்கத்த குரோம்ல சேவ் பண்ணி வெச்சேன். தொறக்குது. உள்ள இருக்க லிங்க்கைத் தொட்டா டைனோசர் வருது. ஏன்?

குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டதும் மேலே தெரியும் கீழ்நோக்கிய அம்பு, அந்த ஒரு பக்கத்தை மட்டும்தான் சேமிக்கும். எழுத்து, படம், வடிவம் எல்லாம் ஒரே கோப்பாகக் கட்டப்பட்டு உள்ளே வந்துவிடும். ஆனால் அதிலுள்ள இணைப்புகள் இன்னமும் இணையத்தில் இருக்கும் பக்கங்களைத்தான் காட்டுகின்றன. நீங்கள் தொட்டது அந்த வெளிப்பக்கத்தை. அதை நீங்கள் சேமிக்கவில்லை, அதனால்தான் நெட் இல்லை என்று சொல்லும் டைனோசர் வருகிறது.

ஓரிரு பக்கத்துக்கு இந்த வழி போதும். நாளைக்கு லேபில் செய்யப்போகும் ஒரு பயிற்சி, ஒரு நிறுவல் குறிப்பு, இப்படி. ஒரு மொழியின் கையேட்டையே பக்கம் பக்கமாக இப்படிச் சேமித்துக்கொண்டிருந்த ஒரு தம்பியைப் பார்த்திருக்கிறேன். பொறுமையைப் பாராட்டலாம், ஆனால் அவசியமில்லை. அடுத்த பதிலைப் பாருங்கள்.

அப்போ மொத்தமா எங்க கிடைக்கும்?

பெரும்பாலும் அந்தந்தத் தளத்திலேயே. பைதானின் டாக்குமென்டேஷன் தளத்தில் டவுன்லோட் என்று தனிப் பக்கமே இருக்கிறது. எச்டிஎம்எல் (வலைப்பக்கம்), ஈபப் (மின்புத்தகம்), வெறும் எழுத்து என்று வடிவங்கள் தருகிறார்கள். பிஎச்பி தளம் கையேட்டைப் பல பக்கங்களாகவும் தரும், ஒரே நீளப் பக்கமாகவும் தரும். ஒரே பக்கமாக உள்ளதைப் போனில் எடுக்காதீர்கள், திறப்பதற்குள் போன் திணறிவிடும். போஸ்ட்கிரஸ் பிடிஎஃப் தருகிறது. எஸ்கியூலைட் என்ற இன்னொரு டேட்டாபேஸின் டவுன்லோட் பக்கத்தில் மொத்தக் கையேடும் ஒரு ஜிப்பாகக் கிடைக்கும். ஜாவா கையேட்டையும் ஆரக்கிள் தளத்தில் ஜிப்பாக இறக்கலாம்.

பைதானில் வெப்சைட் செய்ய உதவும் ஜாங்கோவின் டாக்குமென்டேஷன் பக்க ஓரத்தில் எச்டிஎம்எல், பிடிஎஃப், ஈபப் மூன்றுக்கும் இணைப்பு இருக்கும். அது ரீட் த டாக்ஸ் என்ற சேவை வழியாக வருவது. சின்னச் சின்னப் பைதான் நூலகங்கள் (பிறர் எழுதி வைத்த, நாம் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகள்) நிறைய அந்தச் சேவையில்தான் தங்கள் கையேட்டை வைத்திருக்கின்றன. பக்கத்தின் கீழ் மூலையில் பதிப்பு எண்ணோடு ஒரு சின்னப் பட்டை தெரிந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள். அந்தத் திட்டத்தார் அனுமதித்திருந்தால் டவுன்லோட் அதற்குள்ளேயே இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

பிடிஎஃப், ஈபப், எச்டிஎம்எல் மூணும் இருந்தா எத எடுக்க?

போனுக்கு ஈபப். யோசிக்கவே வேண்டாம்.

பிடிஎஃப் என்பது ஏ4 தாளில் அச்சடிப்பதற்காக அமைத்த பக்கம். எழுத்து எங்கே நிற்க வேண்டும் என்பது அதில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அந்தப் பக்கத்தை உள்ளங்கை அளவு திரையில் வைத்தால் எழுத்து எள்ளளவுதான் தெரியும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈபப் அப்படியில்லை. உள்ளே இருப்பது வலைப்பக்கங்கள்தான், ஒரு ஜிப்பில் கட்டப்பட்டவை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்ப மடிந்துகொள்ளும், அத்தியாயப் பட்டியல் பக்கவாட்டில் இருக்கும், ஒரு சொல்லைத் தேடலாம். ரீட்எரா, கேஓரீடர் போன்ற செயலிகள் போதும். ஐபோனில் கூடவே வரும் புக்ஸ் செயலியே ஈபப் திறக்கும். பைதான் மாதிரிப் பெரிய கையேடு முதல் தடவை திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். தொங்கிவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள்.

ஈபப்பிலும் ஒரு வம்பு உண்டு. நிரல் வரிகளும் மடியும். ஃபார் வரிக்குக் கீழே நான்கு இடைவெளி தள்ளி எழுதிய ஒரு நீள வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது திரையின் வலது விளிம்பில் உடைந்து, மிச்சம் அடுத்த வரியாக இடது ஓரத்தில் வந்து நிற்கும். புதிதாகப் படிப்பவர் அதைத் தனி வரி என்று எண்ணி அப்படியே அடிப்பார், பைதான் பிழை என்று கத்தும். நிரல் வரும் இடத்தில் போனைப் படுக்கை வசமாகத் திருப்புங்கள், எழுத்தளவையும் ஒரு படி குறையுங்கள். வரி உண்மையில் எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும்.

பிடிஎஃப் மட்டும்தான் கிடைக்கிறது, வேறு வழியில்லை என்றால் கேஓரீடரில் எழுத்தை மடித்துக் காட்டும் வசதி இருக்கிறது. அட்டவணைகள் அதில் கொஞ்சம் சிதையும்.

எச்டிஎம்எல் ஜிப்ப எடுத்துப் பிரிச்சேன் அண்ணே. முதல் பக்கம் மட்டும் மொட்டையா தொறக்குது. கலரு இல்ல, லிங்க்கும் போகல.

ஆண்ட்ராய்டில் கோப்பு மேலாளரில் ஒரு எச்டிஎம்எல் கோப்பைத் தொட்டால், பிரவுசரிடம் அந்த ஒரு கோப்பைப் படிக்கத்தான் அனுமதி போகிறது. பக்கத்தில் இருக்கும் வடிவக் கோப்பு, படம், அடுத்த பக்கம் எதையும் அது எட்ட முடியாது. பாதுகாப்புக்காக ஆண்ட்ராய்டு பதிப்புக்குப் பதிப்பு இறுக்கிக்கொண்டே வந்ததன் விளைவு. கோப்பில் கோளாறு இல்லை, உங்கள் போனிலும் கோளாறு இல்லை.

வழி என்னவென்றால், போனுக்குள்ளேயே ஒரு சின்னச் சர்வரை, அதாவது பக்கங்களைப் பிரவுசருக்கு எடுத்துக் கொடுக்கும் நிரலை, ஓட்டுவது. போனிலேயே கட்டளை அடித்து நிரல்களை ஓட்ட உதவும் டெர்மக்ஸ் செயலியை, இலவசச் செயலிகள் கிடைக்கும் எஃப்-டிராய்டு தளத்திலிருந்து போட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் பைதானை நிறுவி, சேமிப்பக அனுமதியும் கொடுத்துவிட்டு, பிரித்த ஃபோல்டருக்குள் போய்ப் பைதானோடு வரும் எச்டிடிபி சர்வரை ஓட்டினால் போதும். பிறகு குரோமில் 127.0.0.1:8000 என்று அடித்தால் மொத்தக் கையேடும் இணையத்தில் தெரிகிற மாதிரியே திறக்கும். அந்த முகவரி உங்கள் போனையே குறிப்பது, அதனால் டேட்டா செலவாகாது. பைதான் கையேட்டில் மேலே இருக்கும் தேடல் பெட்டியும் வேலை செய்யும், ஏனென்றால் அதன் தேடல் பட்டியல் அந்த ஜிப்புக்குள்ளேயே வந்துவிடுகிறது.

இதெல்லாம் தலைவலி என்றால் ஈபப்பே எடுங்கள். அல்லது அடுத்ததைப் பாருங்கள்.

டெவ்டாக்ஸ்னு ஒண்ணு இருக்காமே, அது நல்லாருக்குமா?

நன்றாக இருக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள், நூலகங்களின் கையேடுகளை ஒரே வடிவத்தில், ஒரே தேடல் பெட்டிக்குள் கொண்டுவந்த இலவசத் தளம் அது. இப்போது ஃப்ரீகோட்கேம்ப் அமைப்பு நடத்துகிறது. தனிச் செயலி தேவையில்லை, பிரவுசரிலேயே திறந்து, மெனுவில் முகப்புத் திரையில் சேர்க்கச் சொன்னால் செயலி போலவே வந்து உட்காரும்.

இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பட்டியலில் ஒரு கையேட்டை இயக்கி வைப்பது வேறு, அதை ஆஃப்லைனுக்கு நிறுவுவது வேறு. மெனுவில் ஆஃப்லைன் என்ற பக்கத்துக்குப் போய், வேண்டிய ஒவ்வொன்றுக்கும் எதிரே இருக்கும் இன்ஸ்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால், நெட் இருக்கும்வரை எல்லாம் அழகாகத் திறக்கும். மண்டபம் தாண்டி ரயிலில் ஏறிய பிறகுதான் குட்டு வெளிப்படும்.

காக்கா, டெவ்டாக்ஸ்ல போட்டு வெச்சதெல்லாம் திடீர்னு காணாமப் போயிருச்சு. நான் ஒண்ணும் அழிக்கலையே?

நீங்கள் தெரிந்து அழித்திருக்க மாட்டீர்கள், ஆனால் தெரியாமலேயே அழிந்திருக்கும். டெவ்டாக்ஸ் எல்லாவற்றையும் பிரவுசரின் உள் சேமிப்பில் வைக்கிறது. குரோமில் பிரவுசிங் டேட்டாவை அழிக்கும்போது தளத் தரவையும் சேர்த்து டிக் செய்தால் போய்விடும். போனில் இடம் நிரம்பி வழிந்தாலும் பிரவுசர் தானாகவே சில தளங்களின் தரவைக் கழித்துவிட உரிமை உண்டு. அதுவும் கல்யாண வீடியோக்கள் நிறைந்த போனில் சீக்கிரம் நடக்கும்.

ஐபோனில் இன்னொரு விதி. 2020இல் வந்த ஐஓஎஸ் 13.4 முதல், சஃபாரி பயன்படுத்திய 7 நாட்களுக்குள் நீங்கள் ஒரு தளத்தின் பக்கம் போகவே இல்லை என்றால் அது சேமித்து வைத்ததைச் சஃபாரி நீக்கிவிடும். முகப்புத் திரையில் சேர்த்த தளத்துக்கு இந்தக் கெடு இல்லை. அதனால் ஐபோன்காரர்கள் கட்டாயம் முகப்புத் திரையில் சேர்க்கவும்.

எனக்குக் கேட்டால், தினமும் தேவைப்படும் கையேட்டை டெவ்டாக்ஸில் மட்டும் நம்பி வைக்க வேண்டாம். அதே டெவ்டாக்ஸ் கையேடுகள் கிவிக்ஸ் கோப்பாகவும் கிடைக்கின்றன. கோப்பு என்றால் பிரவுசர் தொடாது.

கிவிக்ஸ்னா என்ன? எரர் வந்தா ஸ்டாக் ஓவர்ஃப்ளோவ நெட் இல்லாமப் பாக்க முடியுமா?

கிவிக்ஸ் ஒரு இலவசச் செயலி. முழு இணையதளத்தையும் ஜிம் என்ற ஒரே கோப்பாகச் சுருக்கி வைத்துப் படிக்க உதவுவது. விக்கிபீடியாவை நெட் இல்லாத ஊர்களுக்குக் கொண்டுபோகத்தான் 2007இல் ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அதன் நூலகத்தில் மேலே சொன்ன டெவ்டாக்ஸ் கையேடுகளும் இருக்கின்றன, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ உள்ளிட்ட ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் குடும்பத்தின் கேள்வி பதில் தளங்களும் இருக்கின்றன.

முழு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பல பத்து ஜிபி. போனில் வைக்கிற சமாசாரம் இல்லை அது. லேப்டாப்பில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தால் பார்க்கலாம். ஆஸ்க் உபுண்டு போன்ற சிறிய தளங்கள் சில ஜிபியில் முடியும். தனிக் கையேடுகள் அதைவிட எவ்வளவோ சிறியவை, அவற்றை மட்டும் எடுங்கள்.

பெரிய கோப்பு ஒண்ண மெமரி கார்டுல போட்டா 4 ஜிபிக்கு மேல போகவே மாட்டேங்குது. கார்டு டூப்ளிகேட்டா?

கார்டு அசலாகவே இருக்கலாம். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த கார்டில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. கார்டில் 50 ஜிபி காலியாகக் கிடந்தாலும் இதே கதைதான். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். மாற்றும்போது கார்டில் உள்ள எல்லாம் அழியும், முதலில் போட்டோக்களை வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

எந்த வெர்ஷன எடுக்கணும்? புதுசுதானே நல்லது?

நீங்கள் ஓட்டும் வெர்ஷன் எதுவோ, அதன் கையேடுதான் நல்லது. பைதான் 2020 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு புதுப் பதிப்பு விடுகிறது. கல்லூரி லேபில் அதைத் தொடர்ந்து மாற்றுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. மேட்ச், கேஸ் என்ற அமைப்பு 2021இல் வந்த 3.10இல்தான் சேர்ந்தது. லேபில் 3.8 இருந்தால், புதுக் கையேட்டைப் பார்த்து நீங்கள் சரியாக எழுதியதையே அது தவறு என்று சொல்லும். தலைகீழாகவும் நடக்கும்: டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பகுதி பழைய கையேட்டில் இருக்கும், 3.12இல் தூக்கிவிட்டார்கள்.

இரண்டு இடத்தில் இரண்டு வெர்ஷன் என்றால் புதுக் கையேட்டை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சேர்ந்த வசதி என்றால் எந்தப் பதிப்பில் சேர்ந்தது என்று அதற்குக் கீழே சின்னக் குறிப்பு போட்டிருப்பார்கள். அந்த எண் உங்கள் லேபில் உள்ள எண்ணைவிடப் பெரிதா என்று மட்டும் பார்த்தால் போதும். கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண்ணை எழுதி வையுங்கள்.

டவுன்லோட் பண்ணது தானா அப்டேட் ஆகுமா?

ஆகாது. ஈபப், ஜிப், ஜிம் எல்லாம் இறக்கிய அன்றைய நிலையிலேயே நிற்கும். டெவ்டாக்ஸில் மட்டும், நெட் வந்ததும் ஆஃப்லைன் பக்கத்தில் புதுப்பிக்கச் சொல்லிக் காட்டும். மேலே சொன்ன மாதிரி, பழைய வெர்ஷனை ஓட்டுகிறவருக்குப் பழைய கையேடு குறையே இல்லை.

டவுன்லோடே தராத சைட்டா இருந்தா என்ன பண்ண?

மொத்தத் தளத்தையும் இழுத்துத் தரும் எச்டிடிராக் போன்ற கருவிகளைப் பலர் சொல்வார்கள். பழைய பாணித் தளங்களுக்கு அது சரிதான். இப்போதைய தளங்கள் பல, பக்கத்தைத் திறந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் வழியாகத்தான் எழுத்தைக் கொண்டுவருகின்றன. அதை இழுத்தால் வெறும் சட்டகம்தான் வரும். ஒரு நாள் டேட்டாவையும் அது தின்றுவிடும்.

நிரல்களின் மூலக் கோப்புகளைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் தேடுவதுதான் என் வழி. திறந்த மூலத் திட்டம் என்றால் கையேட்டின் மூலக் கோப்புகளும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும், டாக்ஸ் என்ற ஃபோல்டரில், மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவில். வெப்சைட் செய்வதற்கான கையேடான மொசில்லாவின் எம்டிஎன் தளத்துக்கே மொத்த உள்ளடக்கமும் அங்கே தனியாக இருக்கிறது. ஜிப்பாக இறக்கி, ஏதாவது ஒரு மார்க்டவுன் ரீடரில் திறந்தால் போதும். படங்களும் அழகும் கொஞ்சம் குறையும், விஷயம் குறையாது.

எனக்கு இங்கிலீஷ் சுமார்தாண்ணே. படிச்சாப் புரியுமா?

புரியும். டாக்குமென்டேஷன் ஆங்கிலம் செய்தித்தாள் ஆங்கிலம் மாதிரி இல்லை. ஒரே மாதிரி குட்டி வாக்கியங்கள், திரும்பத் திரும்ப வரும் இருநூறு முந்நூறு சொற்கள். அதுகளைப் பிடித்துவிட்டால் மிச்சம் ஓடிவிடும். முதலில் நிரல் எடுத்துக்காட்டைப் பாருங்கள், அதை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் மேலே இருக்கும் விளக்கத்துக்கு வாருங்கள். நேர்வரிசையில் படிப்பதைவிட இது சுலபம்.

கூகுள் டிரான்ஸ்லேட் செயலியில் தமிழை ஆஃப்லைனுக்கு இறக்கி வைக்கலாம். ஒரு பத்தி சிக்கலாக இருந்தால் நகலெடுத்து அதில் போடுங்கள். மொத்தப் பக்கத்தையும் போடாதீர்கள், ஃபங்ஷன் பெயர்களையும் சேர்த்து மொழிபெயர்த்து வைத்துவிடும். ஒற்றைச் சொல்லுக்குத் தமிழ் விக்சனரி உண்டு, அதுவும் கிவிக்ஸ் கோப்பாகக் கிடைக்கிறது.

வெயில்ல ஸ்க்ரீனே தெரிய மாட்டேங்குது. டார்க் மோடு போட்டா சரியாகுமா?

நேர்மாறு. வெயிலில் கருப்புத் திரை கண்ணாடி ஆகிவிடும், உங்கள் முகம்தான் தெரியும். வெளிச்சத்தில் வெள்ளைப் பின்னணி, கருப்பு எழுத்து, தடித்த எழுத்துரு. இரவில் டார்க் மோடு. ஈபப் செயலிகளில் இதை ஒரு தொடுதலில் மாற்றலாம்.

கடலுக்குப் போறப்ப போன்ல படிக்கலாமா? சார்ஜ் நிக்குமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில் நிற்கும் 61 நாள். நிறையப் பேர் படிப்பது அப்போதுதான். மற்ற நாளில் வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் படிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் அறிவுரை, சிக்னல் போனதும் ஃபிளைட் மோடு போடுங்கள். கிடைக்காத டவரைத் தேடித் தேடித்தான் போன் சார்ஜைக் குடிக்கிறது. படிப்பதற்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவு. கரைக்கு அருகில் வந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், வீட்டில் தேடுவார்கள்.

உப்புக்காற்று சார்ஜ் துளையைத்தான் முதலில் பிடிக்கும். ஈரம் இருக்கும்போது பவர் பேங்கைச் செருகாதீர்கள், உள்ளே பச்சை பூத்துவிடும். ஜிப் வைத்த வாட்டர்புரூஃப் உறைக்குள் போட்டு, உறைக்கு மேலேயே விரலால் தள்ளிப் படிக்கலாம். மெமரி கார்டைக் கடலில் வைத்துக் கழற்றி மாட்டும் வேலை வேண்டாம். தேவையானதைப் போனின் உள் சேமிப்பில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கம்ப்யூட்டரே இல்ல. படிச்சத எப்படி ஓட்டிப் பாக்க?

போனிலேயே. பைட்ராய்டு 3 நெட் இல்லாமல் பைதான் ஓட்டும். டெர்மக்ஸ் ஏற்கெனவே போட்டிருந்தால் அதிலும் பைதான், பிஎச்பி, எஸ்கியூலைட் எல்லாம் நிறுவலாம். இதில் ஒரு லாபம் பலருக்குத் தெரியாது: பைதானுக்குள்ளேயே ஹெல்ப் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் ஃபங்ஷன் பெயரைக் கொடுத்தால் அதன் விளக்கம் அங்கேயே வரும். அது நீங்கள் ஓட்டும் அதே பதிப்பின் விளக்கம், ஆகவே வெர்ஷன் குழப்பமும் இல்லை.

கூடுதல் நூலகங்கள் வேண்டுமென்றால் அவற்றையும் சிக்னல் இருக்கும்போதே நிறுவிவிடுங்கள். கையேடு கையில் இருந்து நூலகம் இல்லாமல் உட்கார்ந்திருப்பது கொடுமை.

பிரெண்டுக்கு அனுப்பலாமா? தப்பில்லையே?

பைதான், போஸ்ட்கிரஸ், எம்டிஎன், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ எல்லாம் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் உரிமத்தில் உள்ளவை. தாராளமாக அனுப்புங்கள். குயிக் ஷேர் நெட் இல்லாமலேயே ஒரு போனிலிருந்து பக்கத்துப் போனுக்கு அனுப்பும். ஒருவர் ராமநாதபுரம் போய் வைஃபையில் இறக்கி வந்து தெருவுக்கே கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட் என்றே அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும்.

டெலிகிராமில் சுற்றும் காசு கொடுத்து வாங்க வேண்டிய புத்தகங்கள், கோர்ஸ் பிடிஎஃப்கள் வேறு கதை. அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஏஐகிட்ட கேட்டாச் சொல்லிருமே. போன்லயே ஓடுற மாடலும் இருக்காமே?

இருக்கிறது. ஓரளவு ராம் உள்ள போனில் சிறிய மாடல்கள் நெட் இல்லாமல் ஓடும், சில ஜிபி இடம் பிடிக்கும், போன் சுடும். ஒரு பத்தியை எளிமையாக விளக்கச் சொல்லலாம். ஆனால் சிறிய மாடல்கள் இல்லாத ஃபங்ஷனை இருக்கிற மாதிரியே எழுதித் தரும், அதுவும் ரொம்பத் தன்னம்பிக்கையோடு. நெட் இருந்தால் தேடிச் சரிபார்த்துவிடலாம். நடுக்கடலில் சரிபார்க்க உங்களிடம் இருப்பது அந்தக் கையேடுதான். ஆகவே மாடலை வைத்துக்கொள்வதும் வேண்டாமென்பதும் உங்கள் விருப்பம், கையேட்டை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

எல்லாம் போட்டாச்சு. நெட் இல்லாத இடத்துக்குப் போனா நிஜமாவே தொறக்கும்னு எப்படித் தெரிஞ்சுக்க?

வீட்டிலேயே ஃபிளைட் மோடு போடுங்கள், வைஃபையையும் அணையுங்கள். செயலியைச் சமீபத்திய பட்டியலிலிருந்தும் தள்ளி மூடிவிட்டு மறுபடி திறங்கள். இல்லாவிட்டால் நினைவில் நிற்கும் பக்கத்தைக் காட்டி ஏமாற்றும். முன்பு ஒருமுறைகூடத் திறக்காத பக்கமாகப் பார்த்து நாலைந்தைத் திறங்கள். தேடல் பெட்டியில் ஒரு சொல் அடியுங்கள். படம் உள்ள பக்கம் ஒன்றையும் பாருங்கள்.

எழுத்து வந்து படம் வராவிட்டால் படம் வெளியிலிருந்து இழுக்கப்படுகிறது, பெரிய பாதகமில்லை. பக்கமே வராவிட்டால் டெவ்டாக்ஸில் இன்ஸ்டால் அழுத்தினீர்களா என்று பாருங்கள். மொட்டையாக வந்தால் எச்டிஎம்எல் ஜிப் பற்றிய பதிலுக்குத் திரும்பப் போங்கள். கிளம்புவதற்கு முந்தின நாளே இதைச் செய்து பாருங்கள், மறுபடி இறக்க வேண்டியிருந்தால் ராத்திரி இருக்கிறது.